ஃபேன் சத்தம் கேக்குதுங்களா

கொஞ்சம் காலை நகத்திக்குங்கண்ணா. இடிச்சுட்டனா? மன்னிச்சுக்குங்க. கீழ வைக்க முடியாதுங்க, இந்த ரோட்டுக்குக் குலுங்கியே வீணாப் போயிரும். மடிலயே வெச்சுக்கறேன். டிவி இல்லீங்க, கம்ப்யூட்டர் பெட்டி. அடிபடாம இருக்கட்டும்னு பெட்சீட்டுல சுத்தியிருக்கறேன்.

எங்கயா? கவுந்தப்பாடி தாண்டி நால்ரோடுங்க. மாமனார் ஊடு. ஆமாங்க, எல்லாரும் மாமனார் ஊட்டுக்குப் பழமும் பூவும் வாங்கிட்டுப் போவாங்க, நான் கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போறேன். கண்டக்டருகூடச் சிரிச்சாப்ல. சிரிக்கட்டும். என்ற பொழப்பு ஊர் சிரிச்சு நாளாச்சுங்க.

நீங்க கோபி வரைக்குமா? அப்பச் சரி, சொல்றேன். யாருகிட்டயாவது சொல்லலீன்னா என்ற தலை வெடிச்சிரும். உங்களப் பாத்தா பெரிய மனுசராத் தெரியுது. நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க. என்ற பொண்டாட்டிய நான் கூட்டிட்டு வரோணும். அது மட்டும்தான் எனக்கு வேணும். அதுக்குத்தான் இந்தப் பெட்டி.

நான் பிளக்ஸ் டிசைன் பண்றவனுங்க. ஈரோட்டுல சூரம்பட்டிப் பக்கம் ஊடு. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரங்க பொறந்த நாளு, எல்லாம் ஊட்டுல உக்காந்தே போட்டுக் கடைக்கு அனுப்பிருவேன். முன் ரூம்புல நானும் பெட்டியும், சமையல்கட்டுல ரேணுகா. ரேணுகான்னா என்ற ஊட்டுக்காரிங்க. கட்டி ரெண்டு வருசம் ஆச்சு. சண்டைன்னு ஒண்ணு கெடையாது. நான் பேசினா என்ற வாயவே பாத்துட்டு நிக்கும். சேக்காளிக எல்லாம் கேலி பேசுவாங்க, 'உம் பொண்டாட்டி நீ பேசறத அப்படியே அள்ளிக் குடிக்குதுடா'ன்னு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஏன் பொய் சொல்லோணும்.

ஆயுத பூசையில புடிச்சதுங்க இந்தச் சனி. வருசா வருசம் பூசைக்குப் பெட்டியோட பக்கத்துத் தகட்டக் கழட்டி, புளோயர் வெச்சு ஊதித் தூசியெல்லாம் எடுத்துருவேன். சோறு போடற சாமான் பாருங்க, அதையும் குளிப்பாட்ட வேண்டாமா. இந்தத் தடவை ஊதி வெச்சுட்டுப் பொரிகடலை வாங்கக் கடைக்குப் போயிட்டேன். வந்து பாத்தா ரேணுகா எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு முடிச்சிருக்குது. மானிட்டரு, கீபோர்டு, மவுசு, பிரிண்டரு. பெட்டி தொறந்து கெடந்துச்சா, உள்ளயும் வெச்சிருக்குது. சூடு தணிக்க உள்ள ரெண்டு மூணு ஃபேன் ஓடுங்க, அதுல ப்ராசஸருங்கற மூளைக்கு மேல இருக்கறது உள்ளங்கை அகலம் இருக்கும். அதோட எறக்கையில, நடு அச்சுக்கு ஒட்டினாப்ல, நல்லாக் கனமா ஒரு பொட்டு. பாக்க லட்சணமா இருந்துச்சுங்க. நானே மெச்சிக்கிட்டேன். தகட்ட மாட்டி, மாலை போட்டு, சூடம் காட்டி, விஜயதசமி அன்னைக்குத்தான் சுவிட்சப் போட்டேன்.

போட்டதும் ஒரு சத்தம். ஙீ... ன்னு. உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க. கொசுன்னா வரும், போயிரும். இது போகாது. ஈக்குச்சியக் காதுக்குள்ள உட்டுத் திருகிட்டே இருக்கறாப்ல. பெட்டிய நிறுத்துனா நிக்கும், போட்டா மறுபடியும் ஙீ. பெட்டிய நிறுத்திட்டு நான் எப்படிங்க வேலை செய்யறது?

மொதல்ல டியூப்லைட்டுன்னு நெனச்சேன். அத அணைச்சுட்டுப் பாத்தேன், இல்ல. சுவத்துல சில்வண்டு பூந்துருச்சோன்னு பீரோவ நகத்திப் பாத்தேன். பக்கத்து ஊட்டு மிக்சியோன்னு போயி சண்டை போட்டுட்டு வந்தேன், பாவம், அந்தம்மா ஊருலயே இல்ல, அவங்க மருமகதான் பேந்தப் பேந்த முழிச்சுட்டு நின்னுச்சு. அப்பறம்தான் பெட்டிக்குள்ளன்னு தெரிஞ்சுது. பழைய ரப்பர் செருப்ப வெட்டி நாலு காலுக்கும் அணை குடுத்தேன். பெட்டிய மேசைக்கு மேல வெச்சேன், கீழ வெச்சேன், பஞ்சு மெத்தை மேலயும் வெச்சேன். மெத்தை மேல வெச்சதுல சூடேறி அதுவா நின்னு போச்சு, பாதிக் கண்ணீர் அஞ்சலி போச்சு. செத்தவரு ரெண்டாந்தடவை செத்தாரு.

தகட்டக் கழட்டிட்டு நீளமான திருப்புளி ஒண்ண எடுத்து, முனைய ஃபேன்கிட்ட வெச்சு, புடிய என்ற காதுல வெச்சுக் கேட்டேன். டாக்டரு நெஞ்சுல வெச்சுக் கேப்பாங்கல்ல, அப்படி. ஒவ்வொரு ஃபேனா நடுவுல வெரலை வெச்சு ஒரு நொடி நிறுத்திப் பாத்தேன். ப்ராசஸர் மேல இருக்கற ஃபேன நிறுத்துனா சத்தம் நிக்குது. அப்ப இதுதான் கள்ளன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு உட்டேன். சாயங்காலம் வரைக்கும் சும்மா இருந்துச்சு, அப்பறம் இன்னும் ஒரு பங்கு ஜாஸ்தியா ஆரம்பிச்சுருச்சு.

பொட்டு அப்பவே கண்ணுல பட்டுதுங்க. பட்டும் தொடலை. பூசைல வெச்சது, அத நம்ம கையால சொரண்டிப் போட்டாத் தொழில் உருப்படுமா? பொட்டு மேல படாம சுத்தியும் பிரஷ் போட்டேன். மெக்கானிக்கு சம்பத்தக் கூட்டியாந்தேன். அவனும் தொடைச்சான், தட்டுனான், எண்ணெய் உட்டான். பொட்ட மட்டும் தொட்டுக் கண்ணுல ஒத்திட்டு மூடிட்டான். இன்னொருத்தன் கரண்டு குடுக்கற டப்பாவ மாத்தோணும்னான். மாத்துனோம். அவனும் பொட்டுப் பக்கம் போகலை. மூணு பேரு உள்ள கையை உட்டுத் தொழாவுனோம், மூணு பேரும் பயபக்தியோட அத மட்டும் உட்டுட்டோம்.

இதுலகூட எனக்கு வெசனம் இல்லீங்க. சத்தம் சாமான்ல வரும், போகும். என்ற வெசனம் வேற. ஊட்டுல ஒருத்தி இருக்கறா, அவளுக்கு இந்தச் சத்தமே கேக்கலையாம்.

'ரேணு, இங்க வா, கேக்குதா?'ம்பேன். வந்து நின்னு பெட்டியப் பாக்கும், என்னையப் பாக்கும். 'கேக்கலீங்க மாமா'ங்கும். 'நல்லாக் கேளு.' குனிஞ்சு பாக்கும். 'இல்லீங்க மாமா.' சம்பத்துக்குக் கேக்குது. பிளக்ஸ் கடைக்காரரு சென்னியப்பண்ணன் ஃபோன்ல பேசறப்பவே, 'என்னப்பா பின்னாடி ஒரு சத்தம்'ங்கறாரு. பால்காரன் வாசல்ல நின்னுட்டுக் கேக்கறான். கூடவே குடியிருக்கறவளுக்குக் கேக்காதா?

ஒரு நாளு கேளுங்க கூத்த. பெட்டிய நிறுத்திட்டேன். சுத்தமா நிறுத்திட்டு, வேணும்னே கூப்பிட்டு, 'இப்பக் கேக்குதா'ன்னேன். என்ற மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்துச்சு. பாத்துட்டு, 'ஆமாங்க மாமா, இப்பக் கேக்குதுங்க'ன்னுச்சு. ஓடாத பெட்டிங்க அது. எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. என்னையப் பைத்தியக்காரன் ஆக்கறதுன்னா இதுதானே? தூங்கறவன எழுப்பலாம், தூங்கற மாதிரி நடிக்கறவன எழுப்ப முடியுமா?

அப்ப இருந்து கவனிச்சுப் பாத்தா எல்லாமே ஏட்டிக்குப் போட்டியாத்தான் இருக்குது. நான் முன் ரூம்புல இருந்து தண்ணி கேட்டா வராது. நாலு தடவை கத்தோணும். டிவிய அலற உடும், என்னையப் பழி வாங்கற மாதிரி. கேஸ்காரன் வந்து கதவத் தட்டிட்டுத் திரும்பிப் போயிருவான், கேட்டா 'வரவே இல்லீங்க'ங்கும். அவங்கம்மா ஃபோன் பண்ணுனா எடுக்காது, 'மெசேஜ் போடச் சொல்லுங்க'ங்கும். பெத்தவகிட்டயே அப்படி வீறாப்பு. சோத்துல மட்டும்தான் கவனம். குக்கர வெச்சா முன்னால ஸ்டூலப் போட்டு, ஆவி வரதயே பாத்துட்டு உக்காந்திருக்கும். அந்தக் கவனத்துல கால்வாசி என்ற மேல இருந்தா எனக்கு இந்த நெலமையா?

தமாசும் புரியாதுங்க அதுக்கு. புதுசுல விருந்துக்குப் போயிருந்தப்ப, அவங்க பெரியம்மா ஒருத்தங்க காதுல மெஷின் மாட்டிட்டு இருந்தாங்க. நாம ஒண்ணு கேட்டா அவங்க ஒண்ணு சொல்லுவாங்க. ஊட்டுக்கு வந்து நான் அந்தம்மா மாதிரியே கையக் காதுல வெச்சு 'ஆங்? ஆங்?'னு நடிச்சுக் காட்டினேன். எங்கக்கா, மாமன் எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ரேணுகா மட்டும் எந்திரிச்சு உள்ள போயிருச்சு. ஒரு சிரிப்புக்குக்கூடப் பஞ்சம்.

ஜன்னலச் சாத்தட்டுங்களா? காத்து உங்களுக்குக் குளுருதாட்ட இருக்குது. சரிங்க.

மார்கழி கடைசில ஒரு நாளு வெறுத்துப் போயிப் பெட்டியத் தலைகீழாக் கவுத்துனேன். உள்ள இருந்து என்னமோ பொத்துனு கைல விழுந்துச்சு. பாத்தா அந்தப் பொட்டு. காஞ்சு, பக்குக் கட்டி, வெடிச்சு விழுந்திருக்குது. கீழ பாத்தா சந்தனம் பொடிப்பொடியா உதுந்து அச்சுக்குள்ள போயி அரைச்சுட்டு இருந்திருக்குது. சாமிக்கு வெச்ச பொட்டு என்ற உசுர எடுத்திருக்குது பாருங்க. உடனே புது ஃபேன் வாங்கியாந்து மாட்டுனேன். சுவிட்சப் போட்டேன். அண்ணா, எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. அப்படி ஒரு அமைதி.

அப்பத்தான் என்ற புத்திக்கு எட்டுச்சு. பொட்டு வெச்சது யாரு? ரேணுகா. சத்தத்துக்குக் காரணம் தான்தான்னு அதுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கோணும். தப்ப ஒத்துக்க மனசு வரல. அதான் கேக்கலை, கேக்கலைன்னு சாதிச்சிருக்குது. நீ தப்புப் பண்ணிட்டன்னு நான் சொல்லவே இல்லீங்க. கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும், நான் எதுக்குக் கத்தப் போறேன்.

கூப்பிட்டேன். பெட்டி ஓடுது, சத்தமில்லாம ஓடுது. 'இப்ப எப்படி இருக்குது, முன்னால எப்படி இருந்துச்சு, சொல்லு'ன்னேன். பாத்துச்சு. 'எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதாங்க மாமா இருக்குது'ன்னுச்சு.

எனக்கு மண்டைக்கு ஏறிருச்சுங்க. ஆயுத பூசையில இருந்து மூணு மாசம் நான் பட்ட பாடு எல்லாம் ஒரே மாதிரியா? கைல இருந்த திருப்புளிய வீசிட்டு, மூஞ்சிக்கு நேரா நின்னு, 'நீ என்ன செவிடாடி'ன்னு கத்துனேன். இது ஒரு வார்த்தைங்களா? சண்டைனா எந்த ஊட்டுல சொல்லாம இருக்கறாங்க? குருடா, செவிடா, மாடா, மனுசனான்னு வாயில வரதுதான். எங்கப்பன் என்னைய அதுக்கு மேல எல்லாம் கேட்டிருக்கறாரு. ஆனா அது மூஞ்சி செத்துப் போச்சுங்க. ரத்தமே இல்ல. உள்ள போயிப் பைல துணிய எடுத்து வெச்சு, மெசேஜ் போட்டு ஆட்டோவ வரச் சொல்லிப் போயிருச்சு.

பொங்கலுக்கும் வரல. மாமியாரு ஃபோன்ல, 'கொஞ்ச நாளு இருக்கட்டுங்க மாப்ளே, அதுக்கு மனசு சரியில்லை'ங்கறாங்க. மாமனாரு எடுத்தா, 'நேர்ல வாங்க, பேசிக்கலாம்'ங்கறாரு. என்ன பேசறது? ஊட்டுல இப்ப எந்தச் சத்தமும் இல்லீங்க. ஃபேன் சத்தமும் இல்ல, பாத்திரச் சத்தமும் இல்ல, டிவியும் இல்ல. அமைதி வேணும், அமைதி வேணும்னு செத்தேன், வந்துருச்சு. சோறு எறங்க மாட்டேங்குது. பிளக்ஸுல பேரெல்லாம் மாத்திப் போடறேன், மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்துல அவங்க அத்தை பேரப் போட்டுச் சென்னியப்பண்ணன்கிட்டத் திட்டு வாங்குனேன். அது இல்லாம என்னால முடியலீங்கண்ணா. வெக்கத்த உட்டுச் சொல்றேன், முடியல.

அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. புது ஃபேனக் கழட்டிட்டுப் பழைய ஃபேனையே மாட்டியிருக்கறேன். சந்தனப் பொடி உள்ளயே கெடக்குது, பத்திரமா. இன்னைக்கு அவங்க ஊருல மாரியம்மன் நோம்பி. சொந்தம் பூரா வந்திருக்கும். போனதும் வாசல்ல பெஞ்சு மேல பெட்டிய வெச்சு, கரண்டக் குடுத்து, ஓட உடறேன். ஒவ்வொருத்தராக் கூப்பிடறேன். மாமனாரு, மச்சான், சின்னப் புள்ளைக, எல்லாரையும். 'கேக்குதுங்களா?' கேக்குதும்பாங்க. கேக்காம இருக்குமா, தெருக்கோடி வரைக்கும் கேக்குமே. கடைசியா ரேணுகாவ நிக்க வெச்சு, அத்தனை பேரு முன்னாலயும் கேக்கறேன். அப்பச் சொல்லித்தானே ஆகோணும்? கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், அதோட எல்லாத்தையும் மறந்துட்டு, கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துருவேன். ஞாயம்தானுங்களே?

ஆங்? ரேணுகா, பின்னால இருந்து கூப்பிட்டாத் திரும்புமான்னா?

அதையேன் கேக்கறீங்க. என்ற நெஞ்சுல முள்ளாக் குத்திட்டு இருக்கறதே அதுதான். அன்னைக்கு ஆட்டோ வந்து நின்னுச்சு. பையத் தூக்கிட்டு வாசப்படி எறங்குச்சு. எனக்கு அந்த நிமிசமே கோவமெல்லாம் எறங்கிப் போச்சுங்க. அக்கம்பக்கம் வேடிக்கை பாக்குது, கத்தவா முடியும்? பின்னாலயே போயி, முதுகுக்குப் பின்னால நின்னு, மெதுவா, 'ரேணு, போகாத. நான் சொன்னது தப்பு'ன்னேன். பெத்தவங்ககிட்டகூட நான் தப்புன்னு சொன்னவன் இல்லீங்க. அது திரும்பலை. நின்னு யோசிச்சாப்லகூடத் தெரியலை. ஏறி உக்காந்து நேராப் பாத்துக்கிச்சு. கல்லு மனசு. அந்த ரோசத்துலதான் பொங்கலுக்குக்கூட நான் போயிக் கூப்பிடலை. தப்புன்னு சொல்லியும் திரும்பாதவகிட்ட...

ஏனுங்கண்ணா அப்படிப் பாக்கறீங்க?

இல்லீங்க. தூரமெல்லாம் இல்ல. கையெட்டற தூரத்துலதானுங்க நின்னேன். கையெட்டற தூரம். பேருச் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

இருங்க. சித்தெ இருங்கண்ணா. ஒண்ணும் சொல்லாதீங்க.

ஓடாத பெட்டியக் கேக்குதுன்னு சொல்லுச்சுங்களே. அது என்னையத் தேத்தறதுக்குச் சொல்லியிருக்குது. இந்த மனுசன் இப்படித் தவிக்கறானேன்னு. நான் பேசறப்ப வாயப் பாத்தது... ஐயோ சாமி. தெனமும் கூட்டியாந்து நிக்க வெச்சுக் கேக்குதா, கேக்குதான்னு கேட்டிருக்கறேனே. அது என்னன்னு சொல்லும்? அதுக்கே பயமா இருந்திருக்கும். யாருகிட்டச் சொல்லும்? என்றகிட்டயா? பெரியம்மா மாதிரி நடிச்சுக் காட்டுனவன்கிட்டயா?

கடைசில தெரிஞ்சுதான் கேக்கறேன்னு நெனச்சிருக்குது. செவிடான்னு நான் கேட்டது, தெரிஞ்சு கேட்டதுன்னு நெனச்சிருக்குதுங்க.

இந்தப் பெட்டியக் கொஞ்சம் புடிங்கண்ணா. இதக் கொண்டுபோயி வாசல்ல வெச்சு, நோம்பிக்கு வந்த சனம் பூராத்தையும் கூட்டி... நான் என்ன மனுசங்க? நால்ரோட்டுல ஒரு டீக்கடை இருக்குது. அங்க போட்டுட்டு நடந்து போறேன். எவனாவது தூக்கிட்டுப் போனாலும் போகட்டும்.

வந்துருச்சுங்களா? ஆமாங்க, நால்ரோடு எறங்கோணும், சித்தெ நிறுத்தச் சொல்லுங்க. எறங்கறேன், எறங்கறேன்.

ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணா. நேரா முன்னால போயி நின்னு, மன்னிச்சுக்க, ஊட்டுக்கு வான்னு சொல்லோணும். அவ்வளவுதான் எனக்கு. சத்தமாச் சொன்னா மறுபடியும் திட்டறேன்னு நெனைக்கும். மெதுவாச் சொன்னாக் கேக்காது. ஊடு நெறைய சனம் இருக்கும். நான் அத எப்படிங்கண்ணா சொல்றது?